நாள் என்றொரு மீன்

கேரளத்தில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘நாள் ஏதாணு?’ என்பது. அவர்களுக்கு வேண்டியது தேதியோ கிழமையோ அன்று. ரோகிணியா, மகமா, சோதியா என்று தெரிய வேண்டும். மலையாளத்தில் நாள் என்றால் பிறந்த நட்சத்திரம். திருவிதாங்கூர் அரசர்களின் பெயர் வரிசையைப் பாருங்கள்: சுவாதித் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள். ஒவ்வொன்றும் அந்த அரசர் எந்த விண்மீனில் பிறந்தார் என்பதைச் சொல்லும் பெயர்.

தமிழிலும் இதுவே பழைய வழக்கு. சங்கப் பாடல்களில் வானத்து ஒளிகள் இரண்டு வகை: நாள்மீன், கோள்மீன். நிலவு ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் 27 கூட்டங்கள் நாள்மீன். இடம் மாறித் திரிகிற வெள்ளி, செவ்வாய் முதலானவை கோள்மீன். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ஒரு புணர்ச்சி விதி வருகிறது. நாட்பெயருக்குப் பின் வினைச்சொல் வந்தால் இடையில் ‘ஆன்’ சாரியை தோன்றும் என்கிறது அது. திங்கள் பெயராக இருந்தால் ‘இக்கு’ வரும் என்கிறது அடுத்த விதி. உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் நாட்பெயர் திங்களோ புதனோ அன்று. பரணி! ‘பரணியில் செய்தான்’ என்று சொல்வதற்கு ஒரு தனி இலக்கணமே இருந்திருக்கிறது.

குறித்த நல்ல நாளில் அரசனால் போருக்குப் புறப்பட முடியாதபோது குடையையும் வாளையும் அந்நாளிலேயே முன்னதாக அனுப்பிவைப்பதற்குக் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்று பெயர். அங்கே கொள்ளப்படுவது ஒரு மீன். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு ‘நாள் பார்க்கிறோம்’. பஞ்சாங்கத்தைத் திறந்து பார்ப்பது எதை? பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஒத்துவரும் நட்சத்திரத்தை. ராசராசனின் சதயத் திருநாள் இன்றும் தஞ்சையில் ஐப்பசியில் நடக்கிறது. அந்தத் திருநாளில் உள்ள நாளும் சதயம் என்ற மீன்தான். பேச்சில் ‘நட்சத்திரம்’ என்ற வடசொல் வந்து உட்கார்ந்துகொண்டதால், நாள் என்ற சொல்லை வெறும் 24 மணி நேரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

அப்படியானால் மூலப்பொருள் மீனா, பொழுதா? அகராதியைப் புரட்டினால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். எது மூத்தது என்று அது சொல்லாது. உறவு மொழிகளைக் கேட்டால் ஓரளவு விடை கிடைக்கும். தெலுங்கில் ‘நாடு’ என்றால் நாள், பன்மையில் ‘நாள்ளு’. கன்னடத்தில் ‘நாளெ’ என்றால் நாளை. அங்கெல்லாம் பொழுது என்ற பொருளே வழக்கில் நிற்கிறது. மீன் என்ற பொருள் ஊன்றி வளர்ந்தது தமிழிலும் மலையாளத்திலும். ஆகவே பொழுதுதான் மூத்தது, மீன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பொழுதிலும் எந்தப் பொழுது? மதுரையிலும் புகாரிலும் நாளங்காடி, அல்லங்காடி என்று இரண்டு கடைத்தெருக்கள் இருந்தன. அல் என்றால் இரவு. எனவே நாள் என்றால் பகல். இன்னும் நுணுக்கிப் பார்த்தால் நாளோலக்கம் அரசனின் காலைச் சபை. நாண்மகிழ் காலைக் களிப்பு. நாளின் ஆழத்தில் கிடக்கும் பொருள் விடியல். ‘நாளை’ அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்: அடுத்த விடியல்.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலை அடிவாரத்து ஆலங்காயத்துக்கு வருகிற டவுன் பஸ்ஸில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் காதில் விழும். ‘நாளைக்கு வரேன்’ என்கிறார் ஒருவர். தோல் ஷாப்பில் கணக்கு எழுதும் இன்னொருவர் உருதுவில் ‘கல்’ என்கிறார்; அந்தக் ‘கல்’ வடமொழிக் ‘கல்ய’விலிருந்து வந்தது, பொருள் வைகறை. தெலுங்குக்காரர் ‘ரேப்பு’ என்கிறார். பழைய தெலுங்கில் ரேப்பு என்றாலும் வைகறைதான். மூன்று மொழிக்காரர்களும் விடியலைக் காட்டித்தான் மறுநாளைச் சொல்கிறார்கள். உருதுவில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’. கடன் கேட்டுப் போகிறவருக்கு அது தமிழைவிடக் கொஞ்சம் ஆபத்தான மொழி.

விடியலைக் குறித்த சொல் விண்மீனுக்கு எப்படிப் போனது? நிலவால். நிலவு வானத்தை ஒருமுறை சுற்றி அதே மீனுக்குத் திரும்ப 27.32 நாளாகிறது. இரவுக்கு ஒரு வீடாக மாறிக்கொண்டே போகும். இன்று கார்த்திகை அருகே நின்றால் நாளை ரோகிணி, மறுநாள் மிருகசீரிடம். ஒரு நாளுக்கு ஒரு மீன் என்று ஆனபிறகு, நாளின் பெயரே மீனுக்கும் ஆகிவிட்டது. கணக்கு மட்டும் துல்லியமாகப் பொருந்தவில்லை. 27.32 நாளை 27 பங்கு போட்டால் ஒரு பங்கு 24 மணி 17 நிமிடம் வரும். நிலவின் வேகமும் சீரானது இல்லை. ஒரு மீனைக் கடக்க 21 மணி நேரமும் ஆகலாம், 27 மணி நேரமும் ஆகலாம். தினசரி காலண்டர் தாளில் ‘பகல் 2.14 வரை பூரம், பிறகு உத்திரம்’ என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். அந்த ஒரு தாளை நிதானமாகப் பார்த்தால் வானமே இருக்கிறது. தேதி என்ற சொல் ‘திதி’யிலிருந்து வந்தது, அது நிலவின் கணக்கு. கிழமை என்றால் உரிமை. அந்தப் பொழுது எந்தக் கோளுக்கு உரியது என்று சொல்வது. நாள், மீன். சூரியனுக்கென்று ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘சூ.உ.’ என்று இரண்டு எழுத்து.

மீன்களைக் கொண்டு நாளை அளப்பவர்கள் ஆலங்காயத்துக்கு மேலேயே இருக்கிறார்கள். மலைப்பாதையில் ஏறினால் காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் கருவி வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். ஆய்வகத்துக்கு இன்று அவர் பெயர். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. அந்த நிறுவனத்தின் பூர்வீகம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய மதராஸ் வானாய்வகம்.

இங்கே இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இரண்டு மணிக் கணக்கு வேண்டும். ஒன்று நம் கைக்கடிகாரம் காட்டுவது. மற்றது மீன் நேரம். இன்று இரவு 8 மணிக்கு மலைமுகட்டில் தலைகாட்டிய ஒரு மீன் நாளை 7.56க்கே வந்துவிடும். மறுநாள் 7.52. ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முந்திவிடும். ஒரு வருடத்தில் முழுச் சுற்று. மீனிலிருந்து மீனுக்கு அளந்தால் நாளின் நீளம் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. சூரியனிலிருந்து சூரியனுக்கு அளந்தால் சராசரியாக 24 மணி. பூமி ஒருமுறை சுழன்று அதே மீனை நேருக்கு நேர் பார்க்கும் நேரத்துக்குள், சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிட்டிருக்கும். சூரியன் பக்கம் மறுபடி முகம் திரும்ப இன்னும் கொஞ்சம் சுழல வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் இந்த நான்கு நிமிடம். நம் பழைய கணக்கில் ஒரு விநாழிகை 24 விநாடி. ஆகவே வித்தியாசம் ஏறக்குறைய 10 விநாழிகை.

இந்த முந்தலால்தான் கார்த்திகை மீன்கூட்டம் கார்த்திகை மாதத்தில் பொழுது சாயும்போது கிழக்கே எழுந்து இரவெல்லாம் நிற்கிறது. மே மாதத்தில் அதே கூட்டம் சூரியனுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். கார்த்திகைக்கு அதிதேவதை அக்கினி. வேலூர்க்காரர்கள் உச்சந்தலையில் உணரும் ‘அக்கினி நட்சத்திரம்’ என்பது, சூரியன் அந்த மீனை ஒட்டி நிற்கும் பருவம். கண்ணுக்கே தெரியாத ஒரு நாள்மீனின் பெயரை வெயிலுக்கு வைத்திருக்கிறோம். ஊர்ப் பேச்சில் அதற்குக் கத்திரி.

மீன் நாளும் சூரிய நாளும் வேறு என்பது தொலைநோக்கி சொல்லித்தான் தெரிந்தது என்று நினைக்க வேண்டாம். கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபடீயத்தில், 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு மகாயுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்று ஒரு எண் இருக்கிறது. சூரியனின் சுற்றுகளை அதிலிருந்து கழித்தால் 157,79,17,500. இதுதான் உதயத்துக்கு உதயம் எண்ணும் நாள்களின் தொகை. எந்த ஆண்டை எடுத்தாலும் மீன் நாள்கள் சூரிய நாள்களைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருக்கும் என்பது அந்தக் கழித்தலுக்குள் அடங்கியிருக்கிறது. சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் பங்கிட்டுப் பாருங்கள்; மீன் நாளின் நீளம் 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி என்று வரும். காவலூர்க் கடிகாரத்தோடு இதற்குச் சண்டை இல்லை. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கம் ஆண்டுக்கு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்று வைத்திருப்பதும் இதே எண்களிலிருந்து பிறந்ததுதான்.

ஆண்டின் நீளத்தில் வாக்கியத்தின் பிழை மூன்று நிமிடச் சொச்சம்தான். கோள்கள், கிரகணங்கள் என்று வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் பிழைகள் சேர்ந்தன. மதராஸ் வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டவர். வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

சூரியனுக்கு வருவோம். 24 மணி என்பது சராசரி என்றேன். ஓர் உச்சியிலிருந்து மறு உச்சி வரை அளந்தால், டிசம்பர் கடைசி வாரத்தில் நாள் 24 மணிக்கு மேல் அரை நிமிடம் நீளும். செப்டம்பர் நடுவில் இருபது விநாடி போலக் குறையும். விநாடிகள்தானே என்று விட முடியாது, சேர்ந்துகொண்டே போகும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்கில் கணிக்கப்படுகிறது. ஆலங்காயம் அதற்கு மேற்கே 3¾ பாகை தள்ளி இருப்பதால் இங்கே சூரியன் சராசரியாக 12.15க்கு உச்சிக்கு வரும். நவம்பர் முதல் வாரத்தில் 12 அடிக்கும் முன்பே, 11.59க்கு வந்துவிடும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.29 ஆகிவிடும். அரை மணி நேரம்! ‘மார்கழியில் பொழுது விடிய நேரமாகிறது’ என்பார்கள். உண்மையில் அதிகம் தாமதிப்பது தைதான். டிசம்பர் 22இல் ஆலங்காயத்தில் உதயம் சுமார் 6.32, ஜனவரி 25இல் 6.41. பகல் நீளத் தொடங்கிய பிறகும் உதயம் பின்தள்ளிக்கொண்டே போவது அந்த அரை நிமிடங்கள் சேர்ந்த விளைவு.

கடிகாரம் இல்லாத காலத்தில் பகல் பொழுதை எப்படி அளந்தார்கள் என்பதற்கு ஒரு துரும்புக் கணக்கு உண்டு. 16 விரற்கடை நீளத்தில் ஒரு காய்ந்த துரும்பை எடுத்துக்கொள்ள வேண்டும். சமதரையில் வைத்து ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதி செங்குத்தாக நிற்க, மறுபகுதி நிழல் விழும் பக்கமாகத் தரையில் கிடக்கும்படி செய்ய வேண்டும். நிற்கிற பகுதியின் நிழல் கிடக்கிற பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்திக்கொண்டே போகலாம். தொட்டவுடன் நிற்கிற பகுதியை விரலால் அளந்தால், எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை விடிந்து கழிந்தது. பிற்பகல் என்றால் அத்தனை நாழிகை மிச்சம்.

இதை ஆலங்காயத்தின் அட்சரேகைக்குப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் இங்கே தலைக்கு நேர்மேலே வந்து நிழலை இல்லாமலாக்கும். அந்த உச்சியில் துரும்பை மடிக்க இடமில்லை. முழுதும் நிமிர்ந்து 16 என்று காட்டும். உண்மையில் கழிந்தது 15.6 நாழிகை. காலை ஒன்பதே காலுக்கு, சூரியன் பாதி உயரம் ஏறியிருக்கும்போது, துரும்பு 8 காட்டும், உண்மை 7.9. ஒரு துரும்புக்கு இது அபாரம். ஆனால் மார்கழி உச்சியில் அதே துரும்பு 9 சொச்சம்தான் காட்டும், கழிந்ததோ 14க்கு மேல். இந்தக் கணக்கைச் சொன்னவர் சித்திரையிலோ ஆவணியிலோ வெட்டவெளியில் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

பகலின் நீளமும் இப்படித்தான் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆலங்காயத்தில் ஜூன் மாதம் அதிகபட்சம் 12 மணி 50 நிமிடம் போல. டிசம்பரில் 11 மணி 23. பகலை எட்டாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கைத்தான் ராகு காலம் என்கிறோம். அப்படியானால் ஆனியில் அது 96 நிமிடம், மார்கழியில் 85. காலண்டரோ வருடம் முழுக்கத் திங்கள் என்றால் 7.30 முதல் 9.00. சூரியன் ஆறுக்கு எழுந்து ஆறுக்குப் படுக்கும் ஒரு நாடு எங்கோ இருப்பதுபோல அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் ராகு காலம் பார்த்து நிற்பதில்லை. அங்கே நாள் என்பது ஒரு நாள் சம்பளம். நூறு நாள் வேலையிலும் அப்படியே. எண்ணக்கூடியதாக, பாதியாக வெட்டக்கூடியதாக, ‘அரை நாள் போட்டுட்டாங்க’ என்று வருத்தப்படக்கூடியதாக நாள் ஆகிவிட்டது.

ஒரு நாள் எங்கே தொடங்குகிறது என்பதில் மட்டும் இந்த வட்டாரத்தில் இன்னும் ஒற்றுமை வரவில்லை. அரசுப் பதிவேட்டுக்கு நள்ளிரவு. பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயம். அதனால்தான் ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று எழுதுகிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் இஸ்லாமியர்களுக்குச் சூரிய மறைவு. நோன்புப் பெருநாள் பிறை தெரிந்த அந்தியிலேயே பிறந்துவிடும். வானியலாருக்கு நான்காவதாக ஒரு வாசல் இருக்கிறது. இரவில் வேலை செய்கிறவர்களுக்கு நள்ளிரவில் தேதி மாறுவது தொல்லை. எனவே ஜூலியன் நாள் என்ற தொடர் எண்ணை அவர்கள் கிரீன்விச் நண்பகலில் மாற்றுகிறார்கள். இந்திய நேரத்தில் அது மாலை 5.30. காவலூரில் இருட்டு இறங்கும் முன் எண் மாறிவிடும், பிறகு அந்த இரவு முழுவதும் ஒரே எண்.

ஆலங்காயத்தில் செவ்வாய் இரவு படுத்து, புதன் விடிய மூன்று மணிக்கு ஒரு குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் புதன்கிழமை ஏறும். இஸ்லாமியக் கணக்கிலும் அது புதன்தான், முந்தின அந்தியிலிருந்தே. பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னும் விடியவில்லை, ஆகவே செவ்வாய். மலைமேல் அந்நேரம் தொலைநோக்கியின் பக்கத்தில் இருப்பவரின் பதிவேட்டில் செவ்வாய் மாலை தொடங்கிய எண் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் பாட்டியின் கட்சி.